தெற்கு சூடானுக்கு முன் மணக்குடி: பாலின சமத்துவப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மாதத்துக்கு இரண்டு பேராவது என்னைத் தேடி வருகிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் படிப்பு முடித்தவர்கள், நர்சிங் படித்துவிட்டு வளைகுடாவுக்குப் போக மனசில்லாதவர்கள், நாகர்கோவிலில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு வருஷம் குப்பை கொட்டி அலுத்தவர்கள். "அக்கா, நீங்க தெற்கு சூடான்ல இருந்தீங்கல்லா, எங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்க" என்பார்கள். அடுத்த கேள்வி சம்பளம். அதற்கடுத்தது, அங்கே சுடுவார்களா என்பது. பெண்களுக்கான வேலை என்கிறீர்களே, காலையில் எழுந்து அங்கே என்னதான் செய்வீர்கள் என்று இதுவரை ஒரே ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் மாதம் உள்ளூரில்

டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு மாதம் நம் குமரிக் கடற்கரையில் செலவழியுங்கள். மணக்குடி, குளச்சல், தூத்தூர், எது பக்கமோ அது. கையில் ஒரு நோட்டு போதும். ஒரு வீட்டைப் பிடித்து, அந்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு எழுகிறாள், ஆண் எத்தனை மணிக்கு எழுகிறான், தூங்கும்வரை மணிக்கு மணி யார் என்ன செய்கிறார்கள் என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். மூன்று வீட்டுக்கு எழுதினால் உங்களுக்கே பல விஷயம் பிடிபட்டுவிடும். பயிற்சி வகுப்புகளில் இதற்குப் பெரிய பெயர் இருக்கும். நான் 'மணிக்கணக்கு' என்றுதான் சொல்வேன்.

இது எனக்கு ஒரு தப்பிலிருந்து வந்த பாடம். 2005 கடைசியில், வள்ளங்கள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம். மணக்குடி பக்கம் சுனாமித் தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் எனக்கு வேலை. பெண்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் என்று காலை 10 மணிக்குக் கூப்பிடுவேன். பதினெட்டு இருபது பேர் வருவார்கள். படம் எடுத்து அறிக்கையில் போட்டு அனுப்புவேன், மேலிடத்துக்கும் திருப்தி. மூன்றாவது கூட்டம் முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போது, தலையில் அலுமினிய மீன் சருவத்தோடு ஒரு அம்மா வந்து இறங்கினார். கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நீ கூப்பிட்ட நேரத்துல நான் வந்தா, மக்ளே, சாளையை ஆரு விப்பா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

அதாவது, வீட்டை ஓட்டுகிற பெண்கள் ஒருத்தர்கூட என் கூட்டத்துக்கு வந்ததில்லை. கூட்டத்தை இரவு ஏழரைக்கு மாற்றிய பிறகுதான் அவர்கள் வந்தார்கள், கழிப்பறைப் பேச்சும் வந்தது. குடியிருப்பின் கடைசி ஓரத்தில் கட்டியிருந்தோம், உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, விளக்கும் கிடையாது. அதற்குப் பயந்து நாலு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். ஒரு தாழ்ப்பாளுக்கு என்ன விலை? மூன்று மாதமாக என் அறிக்கையில் அது இல்லை.

அந்த சுனாமியிலேயே இன்னொரு கணக்கும் உண்டு. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள், இறந்த ஆண்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் 2005-ல் எழுதியது. அலைக்கு ஆண் பெண் தெரியாது. மீனுக்காகக் கரையில் காத்து நின்றது, பிள்ளையைத் தூக்கத் திரும்பி ஓடியது, நீந்தவும் மரம் ஏறவும் யாரும் சொல்லித்தராதது, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. நம் மாவட்டத்தில் அன்று ஞாயிற்றுக்கிழமை, கத்தோலிக்க ஊர்களில் கடலுக்குப் போகாத நாள், ஆண்களும் கரையில்தான். ஊருக்கு ஊர் நிலவரம் மாறும் என்பதையும் இதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானது. அதே வருஷம் டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வந்த வயதான பெண் ஒருவரை நாற்றம் என்று சொல்லிக் குளச்சலில் பஸ்சிலிருந்து இறக்கிவிட்டார்கள். டிக்கெட் இலவசம், ஏறத்தான் முடியவில்லை. தெற்கு சூடானில் நீங்கள் பார்க்கப்போகும் பல சட்டங்களும் இந்த ரகம்.

தாளும் ஊசியும்

இதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பாஸ்போர்ட்டுக்கு நமக்கு மதுரை மண்டல அலுவலகம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன் போட வேண்டும், சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். அந்த மஞ்சள் அட்டையைத் தொலைத்தால், திரும்பி வரும்போது இந்தியாவிலேயே உங்களைத் தனிமைப்படுத்தி உட்காரவைப்பார்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

வேலைக்கு, ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் இணையதளத்தில் பெயர் பதியுங்கள். பெரிய தொண்டு நிறுவனங்களின் அறிவிப்புகளையும் வாரம் ஒருமுறை பாருங்கள். ஐ.நா.வின் 'பிசேஃப்' பாதுகாப்புப் பயிற்சியும், ஐ.நா. பெண்கள் அமைப்பின் 'ஐ நோ ஜெண்டர்' பாடமும் இணையத்தில் இலவசம். முடித்துச் சான்றிதழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.நா. வேலைக்குக் கட்டணம் எந்தக் கட்டத்திலும் கிடையாது. 'ஐ.நா. வேலை, ஒரு லட்சம் கட்டினால் போதும்' என்று எவனாவது சொன்னால், வளைகுடா ஏஜெண்டுகளிடம் ஏமாந்த ஊர்க்காரர்கள் நாம், அதைமட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடம் வழி இல்லை. பெண் துபாயில் நர்ஸ் என்றால் பெருமை, தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவில் களப்பணி என்றால் 'கல்யாணம் எப்ப?' என் அம்மாவிடம் கடைசிவரை 'ஐ.நா. ஆபீஸ் வேலை' என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

எப்படிப்பட்ட நாடு

தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று விடுதலை அடைந்தது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 2018 செப்டம்பரில் இப்போதுள்ள சமாதான உடன்பாடு கையெழுத்தானது. இடையில் சுமார் 40 லட்சம் பேர் வீடு விட்டு ஓடினார்கள், பாதிப்பேர் பக்கத்து நாடுகளுக்கு. டிங்கா, நூவேர், பாரி என்று 60-க்கு மேற்பட்ட இனங்கள். ஜூபாவில் எல்லோருக்கும் பொதுவாக ஜூபா அரபி. மழைக்காலத்தில் கரிசல் மண் சாலை மாதக்கணக்கில் மூடிக்கொள்ளும். ஐ.நா. விமானம் வந்தால்தான் உண்டு.

இங்கிருந்து போகிறவர்கள் முதலில் தடுமாறுவது வேறு விஷயத்தில். நமக்கு ஒரு பிரச்சினை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம், 181-க்கு போன் போடலாம், மகளிர் காவல் நிலையத்தில் போய் உட்காரலாம். நடக்கும் நடக்காது என்பது வேறு, தட்டுவதற்குக் கதவு இருக்கிறது. அங்கே போலீசுக்கே பல மாதம் சம்பளம் வராது. ஆஸ்பத்திரிக் கட்டடம் இருக்கும், மருந்து இருக்காது. பெண்ணின் வழக்கு பெரும்பாலும் ஊர்த்தலைவரின் மரபு நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆகவே 'உங்கள் உரிமையைக் கேளுங்கள்' என்று ஒரு பெண்ணைத் தூண்டிவிடும் முன், கேட்டபின் அவள் எங்கே போய்ப் படுப்பாள் என்று யோசியுங்கள். இங்கே பயிற்சி எடுத்தவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது.

போய் இறங்கியதும்

முதல் 30 நாள் எந்தத் திட்டமும் வேண்டாம். மேலாளர் அவசரப்படுத்துவார், சமாளியுங்கள். ஜூபாவில் சாலையோரம் டீ போட்டு விற்பது பெண்கள். சின்னப் பிளாஸ்டிக் நாற்காலி, கரி அடுப்பு, கண்ணாடித் தம்ளரில் சர்க்கரை பாதி டீ பாதி. தினமும் ஒரே கடையில் உட்காருங்கள். அரிசி விலை, மகனின் பள்ளிக்கூடம், எந்தத் தெருவில் இரவில் நடக்கக்கூடாது, எல்லாம் தானாகத் தெரியவரும்.

மொழிபெயர்க்கப் பெண்ணையே வையுங்கள். எனக்கு முதலில் கிடைத்தவர் நல்ல இளைஞர், ஆங்கிலம் சரளம். நான் கழிப்பறை பற்றிக் கேட்டால் பெண்கள் தரையைப் பார்ப்பார்கள், அவர் 'பிரச்சினை இல்லை என்கிறார்கள்' என்பார். ஆறு வாரம் கழித்துத்தான் அவர் ஊர்த்தலைவரின் தங்கை மகன் என்று தெரிந்தது. பிறகு ஒரு பெண்ணை எடுத்தோம். ஆங்கிலம் சுமார்தான், ஆனால் அவர் பக்கத்தில் இருந்தால் எல்லோரும் பேசினார்கள். அவருக்குக் கைக்குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டிக்கும் வண்டியில் இடம், பட்ஜெட்டில் ஒரு வரி. அந்த வரியை வெட்டச் சொல்லிக் கணக்குப் பிரிவிலிருந்து இரண்டுமுறை கடிதம் வந்தது. நீங்களும் விடாதீர்கள். பெண்களை வேலைக்கு எடுக்கிறோம் என்று விளம்பரம் போட்டுவிட்டுப் பாட்டிக்கு இடமில்லை என்றால் யார் வருவார்கள்?

இன்னொன்று. இரண்டாவது வாரத்திலேயே உங்கள் வாயில் 'இவங்க கல்ச்சரே இப்படித்தான்' என்று வரும். அப்போது நம் பூட்டிகளை நினையுங்கள். நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காக இதே தக்கலை, இரணியல், நாகர்கோவில் பக்கமெல்லாம் பெண்களின் துணியைக் கிழித்திருக்கிறார்கள். 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மகாராஜா இறங்கி வந்து அறிக்கை விட்டார். அதிலும், மீனவப் பெண்கள்போல முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்கள்போல உடுத்தக்கூடாது என்று வால் ஒன்று இருந்தது. அதை எதிர்த்தவர்களும் 'எங்கள் வழக்கம்' என்றுதான் சொன்னார்கள். வழக்கம் மாறும். ஆனால் வெளியூர்க்காரி ஒருத்தி வந்து முகம் சுளித்ததால் மாறியதாக நான் எங்கும் பார்த்ததில்லை.

தண்ணீர்ப் பம்பிலிருந்து தொடங்குங்கள்

எங்கே தொடங்குவது என்று கேட்டால் பம்படி என்பேன். பெண்கள் தினமும் வருகிற இடம், யாரிடமும் அனுமதி கேட்காமல் வருகிற இடம்.

முதலில் கணக்கு. நிவாரணப் பணியில் ஸ்பியர் அளவுகோல் என்று ஒன்று உண்டு. ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டராவது தண்ணீர், வீட்டிலிருந்து பம்புக்கு 500 மீட்டருக்குள், வரிசையில் 30 நிமிஷத்துக்குள், ஒரு அடிபம்புக்கு 500 பேருக்குள் என்று அது சொல்கிறது. ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு 90 லிட்டர். மஞ்சள் ஜெர்ரி கேன் ஒன்றில் 20 லிட்டர் பிடிக்கும். அப்போது ஐந்து நடை. 500 மீட்டர் போக, 500 மீட்டர் வர, ஐந்து நடைக்கு 5 கிலோமீட்டர், அதில் பாதி தூரம் தலையில் 20 கிலோ. ஒவ்வொரு நடைக்கும் அரைமணி வரிசை என்றால் இரண்டரை மணி நேரம். அளவுகோல் சரியாக நிறைவேறியிருக்கும்போதே இவ்வளவு. நிறைவேறாத இடத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்படுவது வீட்டின் மூத்த பெண்பிள்ளை. பாலின சமத்துவம் என்ற சொல்லை எடுக்காமலே இதை ஊர்த்தலைவரிடம் பேசலாம். நான் அப்படித்தான் பேசினேன்.

அங்கே நீங்கள் பார்க்கும் அடிபம்பு பெரும்பாலும் நம்மூர்ச் சரக்கு. பெயரே 'இந்தியா மார்க் 2'. 1970-களில் யுனிசெஃப் உதவியோடு உருவாகி, கோயம்புத்தூர் பக்கத்துக் கிணறுகளில் சோதித்துப் பார்த்த பம்பு. பச்சைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளை தொங்கி அடிப்பதைப் பார்த்தபோது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பம்பில் நானும் அப்படித் தொங்கியது ஞாபகம் வந்தது. நல்ல பம்பு, ஆனால் ஒரு தொல்லை. அடியில் இருக்கும் தோல் வாஷர் தேய்ந்தால், குழாய் முழுவதையும் வெளியே உருவி எடுத்தால்தான் மாற்ற முடியும். மெக்கானிக் ஆண்கள், இருப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அவர் வரும்வரை பெண்கள் ஆற்றுக்கு நடப்பார்கள். அந்தப் பாதையில்தான் அவர்களுக்கு ஆபத்தும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஆறு பெண்களுக்குப் பம்பைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொடுத்தோம். பெண்களுக்குப் பலம் பத்தாது என்றார்கள். 20 லிட்டரைத் தலையில் தூக்குகிறவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. முதல்நாள் ஸ்பேனர் பிடிக்கத் தயங்கிய ஒருத்தி, நாலாவது நாள் கிளாம்பில் குழாயை இறுக்கிவிட்டு, அதன் மேலேயே ஏறி நின்று ஆட்டிப் பார்த்தாள், பிடித்திருக்கிறதா என்று. நாங்கள் செய்த தப்பு, கருவிப் பெட்டியின் சாவியைக் குழுவின் ஆண் தலைவரிடம் கொடுத்தது. இரண்டு மாதத்தில் ஸ்பேனரைக் காணோம், அவர் பைக்குக்கு எடுத்துப்போயிருந்தார். சாவியை எப்போதும் வேலை செய்கிறவர் கையில் கொடுங்கள்.

பம்படியில் மாடும் வரும். மாடு ஆண்களுடையது, அதற்குத்தான் முதல் வரிசை. இதை எதிர்த்துச் சண்டை போடாமல், வழிந்தோடும் தண்ணீரைக் கால்வாய் வெட்டி 30 மீட்டர் தள்ளி ஒரு மாட்டுத் தொட்டியில் விழச்செய்தோம். மாடு அங்கே போனது, வரிசை பாதியானது. தொட்டி கட்டியதற்காக ஆண்கள் எங்களைப் புகழ்ந்தார்கள். புகழட்டும்.

மூன்று பூட்டுப் பெட்டி

அடுத்து பணம். மகளிர் சுய உதவிக் குழு நமக்குத் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. அங்கே நடப்பது சேமிப்புப் பெட்டிக் குழு, 1991-ல் நைஜர் நாட்டில் கேர் நிறுவனம் தொடங்கிய முறை. வங்கி பக்கத்தில் இல்லாத ஊருக்கு ஏற்றது. 15 முதல் 25 பேர். இரும்புப் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று பேரிடம், பெட்டி நாலாவது ஆளின் வீட்டில். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். பாஸ்புக்கில் பங்குக்கு ஒரு ரப்பர் முத்திரை குத்துவார்கள். எழுத்து தெரியாதவரும் முத்திரையை எண்ணித் தன் கணக்கைச் சொல்லிவிடலாம். வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவார்கள்.

இதில் மூன்று எச்சரிக்கை. அங்கே பணத்தின் மதிப்பு சரிந்துகொண்டே போகும். ஒரு வருஷம் பெட்டியில் தூங்கினால் ஆடு வாங்க வைத்த காசில் கோழிதான் கிடைக்கும். சுற்றை ஆறு மாதமாகக் குறையுங்கள், அல்லது கடனாக வெளியே சுழலவிடுங்கள். பெட்டி இருக்கும் வீடு எது என்பது ஊர் முழுக்கத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நம் கடற்கரையில் தினமும் பார்ப்பது. நுண்கடன் பெண் பேரில், எஞ்சின் வாங்குவது ஆண், தவணைக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால் பதில் சொல்வது பெண். கடன் பெண்ணுக்குப் போனது என்று அறிக்கையில் எழுதிவிடலாம். அந்தக் காசில் என்ன வாங்குவது என்று முடிவு செய்தது யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கணவர்களைக் கூப்பிட்டு முதல் கூட்டத்திலேயே பெட்டியைத் திறந்து காட்டிவிடுவது நல்லது. ஒளித்துவைத்தால் வீட்டில் அடி விழும், அந்த அடிக்கு நீங்கள்தான் காரணம்.

மாடும் பவுனும்

இங்கே பெண்ணோடு பவுன் போகும். டிங்கா, நூவேர் மக்களிடம் பெண்ணுக்காக மாடு வரும். கேட்கும்போது அது நல்லதாகத் தோன்றும். நானும் முதலில் 'பரவாயில்லையே' என்று நினைத்தேன். பிறகுதான் கணக்குப் புரிந்தது. அக்காளுக்கு வந்த மாடுதான் தம்பியின் கல்யாணத்துக்குப் போகும். மாமன், சித்தப்பா எல்லோருக்கும் அதில் பங்கு. அவள் கணவனை விட்டு வந்தால் மாட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மாடோ ஏற்கெனவே வேறு தொழுவத்தில். ஆகவே அடி வாங்கினாலும் அவளைத் திருப்பி அனுப்பத்தான் பிறந்த வீடு பார்க்கும். 'போன பவுனுக்காகவாவது பொறுத்துப் போ' என்று நம்மூரில் சொல்வதை அங்கே திருப்பிப் போட்டுச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதனால், சிறுவயதுக் கல்யாணம் கூடாது என்று பதினான்கு வயதுப் பெண்ணிடம் வகுப்பெடுப்பதில் பயன் குறைவு. முடிவெடுக்கிறவர்கள் வீட்டுப் பெரிய ஆண்கள். அவர்களோடு உட்கார வேண்டும். அண்ணன் தம்பிகளோடு உட்கார வேண்டும். மேய்ச்சலுக்கு மாட்டோடு போய்த் தங்கும் முகாம்களில் இருக்கும் ஆண்களிடம் பேச, அங்கே போகக்கூடிய அந்த ஊர் ஆண் ஒருவரைக் குழுவில் வையுங்கள். படிப்பைப் பற்றிப் பேசும்போது 'உரிமை' என்று தொடங்காமல், படித்து நர்சாகவோ டீச்சராகவோ வேலை பார்க்கும் அதே ஊர்ப்பெண் ஒருத்தியைக் கூட்டிப்போய்ப் பேசவையுங்கள். நான் பேசி ஒரு கல்யாணம்கூடத் தள்ளிப்போகவில்லை. அவள் பேசி இரண்டு தள்ளிப்போயின.

விதவைகள் விஷயம் தனி. கணவன் இறந்தால் அவன் தம்பியோடு வாழவேண்டும் என்ற வழக்கம் அங்கே உண்டு. 2009-ம் ஆண்டு நிலச்சட்டம் பெண்ணுக்கு நிலத்தில் உரிமை கொடுக்கிறது, மரபு நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. போரில் காணாமல் போனவனின் மனைவிக்கு இன்னும் சிக்கல். விதவை என்றும் சொல்ல முடியாது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வீடுகளில் இதை நாம் பார்த்தோம். உடல் கிடைக்காவிட்டால் இறந்ததாகக் கொள்ளச் சட்டப்படி ஏழு வருஷம் ஆகும், அதைத் தளர்த்தித்தான் நிவாரணம் கொடுக்க முடிந்தது. அங்கே தளர்த்துவதற்கு ஓர் அலுவலகமே இல்லாத மாவட்டங்கள் உண்டு. உங்கள் பட்டியலில் 'கணவரை இழந்தவர்' என்று ஒரே கட்டம் போடாமல், 'கணவர் எங்கே என்று தெரியாதவர்' என்று இன்னொரு கட்டமும் போடுங்கள்.

யாராவது உங்களிடம் வந்து சொன்னால்

பாலியல் வன்முறை பற்றி நீங்களாகப் போய் விசாரிக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று வீடுவீடாகக் கணக்கெடுக்காதீர்கள். அவளாக வந்து சொன்னால் கேளுங்கள். என்ன உடுத்தியிருந்தாய், அவன் யார், ஏன் போனாய் என்ற கேள்வி ஒன்றும் வேண்டாம். எழுதிக்கொள்ளாதீர்கள். அருகில் எந்த மருத்துவ நிலையத்தில் சிகிச்சை உண்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். போவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. குழந்தையாக இருந்தால் விதிகள் வேறு, வந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பத் தடுப்புக்கு 120 மணி நேரம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பிந்திப் போனாலும் மற்ற சிகிச்சை உண்டு. 'படிவம் 8' என்ற போலீஸ் தாள் இல்லாமல் ஆஸ்பத்திரியில் பார்க்கமாட்டார்கள் என்ற எண்ணம் அங்கே பரவலாக இருக்கிறது. சிகிச்சைக்குச் சட்டப்படி அது தேவையில்லை. இந்த ஒரு தகவலைப் பம்படியில் சொல்லிவைப்பதே பெரிய உதவி.

நம் பக்கமும் பார்க்க வேண்டும். உதவிப் பொருளுக்கு ஈடாகப் பெண்களிடம் தப்பாக நடந்துகொண்ட உதவிப் பணியாளர்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறார்கள். ஐ.நா. 2003-ல் போட்ட விதிப்படி 18 வயதுக்குக் கீழே யாரோடும் உறவு கூடாது, பணம் பொருள் வேலை எதைக் கொடுத்தும் உறவு கூடாது, சக ஊழியர்மேல் சந்தேகம் வந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். நான் ஒருமுறை தெரிவித்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ஆறு மாதம் கேன்டீனில் என்னோடு யாரும் உட்காரவில்லை. அதற்கும் தயாராகப் போங்கள்.

நாற்காலிக் கணக்கு

2018 உடன்பாட்டில் அரசுப் பதவிகளில் பெண்களுக்கு 35 சதவீதம் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் 50 சதவீதம், 2016-லிருந்து. பஞ்சாயத்துத் தலைவி வீட்டில் இருக்க, அவர் வீட்டுக்காரர் கூட்டத்தில் உட்கார்ந்து 'தலைவர்' என்று பேசுவதை நாம் பார்க்காததா? ஊர்க்கமிட்டியில் எத்தனை பெண்கள் என்று எண்ணிவிட்டு நிறுத்தாதீர்கள். கூட்டத்தில் யார் எத்தனை நிமிஷம் பேசினார் என்று நோட்டில் கோடு போடுங்கள். ஒரு பெண் சொன்ன யோசனை நிறைவேறியதா என்று அடுத்த மாதம் பாருங்கள். கமிட்டியில் ஒரே ஒரு பெண்ணை வைக்காதீர்கள், மூன்று பேராவது வேண்டும். தனியாக இருப்பவள் ஆமாம் மட்டும்தான் சொல்வாள்.

நிதி கொடுப்பவர்களும் கட்டம் போட்ட தாள் அனுப்புவார்கள். பாலின நோக்கு இல்லை என்றால் 0, ஒரு நோக்கமாக இருந்தால் 1, அதுவே முதன்மை நோக்கம் என்றால் 2. எல்லோரும் 2 போட ஆசைப்படுவார்கள். உங்கள் பம்புத் திட்டம் 1 என்றால் 1 போடுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆபத்து உண்டு. 2016 ஜூலையில் ஜூபாவில் சண்டை வெடித்தபோது உதவிப் பணியாளர்களும் தாக்கப்பட்டார்கள். ஆனால் இந்த வேலையில் உயிரிழப்பவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுப் பணியாளர்களே. உங்களுக்கு விமானம் வரும், உங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு வராது. அவரை எங்கே அனுப்புவது, என்ன சொல்லி அனுப்புவது என்று முடிவு செய்யும் ஒவ்வொரு தடவையும் இது ஞாபகத்தில் இருக்கட்டும். ஊரடங்கு நேரம் சொன்னால் சொன்னதுதான். படம் எடுக்க அங்கே அனுமதித் தாள் வேண்டும், செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

கிளம்பும் முன்

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கைமாற்றத் தொடங்குங்கள். கூட்டம் கூப்பிடுவது, வாஷர் வாங்கும் கடையின் போன் நம்பர், மருத்துவ நிலையத்தில் பேசவேண்டிய நர்ஸ், எல்லாம். கடைசி வாரத்தில் செய்தால் அது பிரியாவிடை விருந்தாக முடியும்.

என் கடைசி வாரத்தில் பெட்டிக் குழுவின் கூட்டத்துக்குப் போனேன். மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், பெட்டி நடுவில். நான் வட்டத்துக்குள் கால்வைத்ததும், பம்புக் குழாய்மேல் ஏறி நின்று ஆட்டிப் பார்த்தாளே, அவள் கையை நீட்டித் தடுத்தாள். பெட்டி திறந்திருக்கும்போது உறுப்பினர் அல்லாதவர் உள்ளே வரக்கூடாதாம், போன மாதம் போட்ட விதி. மீறினால் அபராதம். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். கட்டிவிட்டு, வட்டத்துக்கு வெளியே ஒரு ஜெர்ரி கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன்.